பலனும் பங்கும்

தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் கீதையும் வந்துவிடும். கடமையைச் செய், பலனை எதிர்பாராதே. எஹலியகொடைப் பக்கத்தில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் காலையில் இறப்பர் மலைக்குப் போய் வந்தவர்கள். யாரிடம் போய் இதைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

பலன் தன் கையில் இல்லை என்பதைப் பால் வெட்டும் பெண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியுமுன் போனால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். சுமார் 300 மரம். கத்தி ஆழ இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து முடித்தபின் ஒரு மழை இறங்கினால், சிரட்டையில் சேர்ந்தது கரைந்து வழிந்து போகும். இரத்தினபுரி மாவட்டத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வேலை அவருடையது, விளைவு வானத்துடையது. கீதை சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் பேர் பதியும் செக்ரோலுக்குத் தத்துவம் தெரியாது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கையோடு கிலோவைக் கூட்டிவிட்டார்கள், வேலைநாளைக் குறைத்துவிட்டார்கள் என்ற முறைப்பாடுகளும் தோட்டங்களில் எழுந்தன. பலனைக் கணக்குப் பார்க்கும் உரிமை கம்பனிக்கு, பலனைக் கருதாத மேன்மை தொழிலாளிக்கு! இப்படியொரு பங்கீட்டைக் கண்ணன் செய்ததாகத் தெரியவில்லை.

அவன் செய்தது வேறு. தேர்த்தட்டில் உபதேசம் சொல்லுமுன் அஸ்தினாபுரத்துக்குத் தூது போனவன் அவன். பாதி ராச்சியம் கொடு. இல்லையா, ஐந்து ஊர். அதுவும் இல்லையா, ஐந்து வீடாவது என்று படிப்படியாக இறங்கி வந்து பேசினான். (நம்முடைய சம்பளப் பேச்சுவார்த்தைகளும் ஏறத்தாழ இந்த ஒழுங்கில்தான் இறங்கும். இங்கே துரியோதனன் தரப்பு தேநீர் கொடுத்து உபசரிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.) பங்கு கேட்டு, இல்லையென்று ஆனபிறகு வந்ததுதான் கீதை. அந்த 'ஐந்து வீடு' லயத்து அறையில் இருந்து கேட்பவர் காதில் வேறுமாதிரி விழும். 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் தருவோம் என்ற வாக்கு இன்னும் பலருக்கு வாக்காகவே இருக்கிறது.

கீதையைத் தாய் என்று கொண்டாடிய காந்தி, 1918இல் அகமதாபாத் மில் தொழிலாளரோடு நின்று உண்ணாவிரதம் இருந்தார். அவர்கள் கேட்டது 35 சதவீதச் சம்பள உயர்வு. பற்றின்மைக்கும் சம்பளத்துக்கும் பகை என்று அவருக்குத் தோன்றவில்லை.

மலையக மக்கள் தாங்களாகவே தேர்ந்துகொண்ட அர்ச்சுனனும் வேறு ஆள். தோட்டங்களில் ஆடிவந்தது அர்ச்சுனன் தபசுக் கூத்து. அதில் அவன் தபசு மரம் ஏறுவது எதையும் துறப்பதற்கல்ல, சிவனிடம் பாசுபதம் வாங்குவதற்கு. வேடனாக வந்த சிவனோடு மல்லுக்கட்டி, வாங்கியும் விடுகிறான்.

பலன் கருதாத உழைப்பு இங்கே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால் தகனம் வரைக்கும் ரதியும் மன்மதனும் விரதம் இருந்து ஆடுகிறார்கள். தப்பு அடிப்பவர் கை வீங்க வீங்க அடிக்கிறார். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் விட்ட பேரை எவரும் யாரிடமும் திருப்பிக் கேட்பதில்லை. அது சாமிக்கும் சனத்துக்கும் நேர்ந்துகொண்டது. கம்பனிக்கும் சேர்த்து நேர்ந்ததாக அவர்கள் சொல்லவில்லை.