மரக்காணம் உப்பளத் தெருவுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெரியவர்களே, அக்கா அண்ணன்மாரே, தம்பி தங்கைகளே,

துபாயிலிருந்து எழுதுகிறேன். நம் தெரு இரவுப் பாடசாலையை நிறுத்திவிட்டு, அந்தக் கொட்டகையில் சாமான் போட்டுவைக்கப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லையாம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். படிப்பு ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோகும் என்று பாருங்கள்.

மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் விளையாடமாட்டார். பள்ளிக்கு வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்படி ஒளிந்து படித்த பிள்ளைதான் 1893-ல் தன் சாதிப் பெயரையே வைத்து 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1924-ல் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார்.

படிக்கிற பிள்ளைக்கு வழிகாட்டவும் ஒருவர் வேண்டும். சீனிவாசனின் மைத்துனர் அயோத்திதாசருக்கு நல்ல குரு வாய்த்தார். வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். ஆசிரியர் மீதிருந்த மதிப்பால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது, கேளுஸ்கர் என்கிற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னரிடம் அழைத்துப்போய் உதவித்தொகைக்கும் வழிசெய்தார்.

நமக்கும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். பகலெல்லாம் பாத்தியில் பலகை இழுத்து உப்பு வாரிவிட்டு இரவில் கொட்டகைக்கு வருவார். வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே தினத்தந்தியை எங்களை உரக்க வாசிக்கச் சொல்வார். முடித்ததும், "இதுல நம்ம கூலியப் பத்தி எங்கடா போட்டிருக்கு?" என்பார். தேடித்தேடிப் பார்ப்போம், இருக்காது. "அப்ப யாரு எழுதறது?" என்று அடுத்த கேள்வி வரும். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பெண்தான் இன்று உப்பளத் தொழிலாளர்களுக்கான 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கிடைக்காத வீடுகளுக்கு மனு எழுதிக்கொடுக்கிறாள், கிராமசபையில் எழுந்து கேட்கிறாள். பெரிய படிப்பு படித்தவளில்லை. அந்தக் கொட்டகையில் கேள்வி கேட்கப் பழகியவள்.

சொல்லிக்கொடுக்க பட்டதாரிதான் வேண்டும் என்பதில்லை. அவளைக் கூப்பிடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் வரட்டும். ஐப்பசி மழையில் அளம் ஓய்ந்ததும் பெரியவர்களும் முறைபோட்டு வந்து உட்காருங்கள். கரண்ட் பில்லும் பேப்பர் காசும் மாதாமாதம் நான் அனுப்புகிறேன். கூரையை மட்டும் மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருப் பிள்ளை