பலகாரத்துக்கு ஒரு நாள் வேண்டும்

எண்ணெயில் பொரித்த பலகாரங்களைப் பற்றி இந்நாளில் இரண்டு வகையான மனோபாவங்கள் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றன. மாலை நான்கு மணியானால் தேநீரோடு பஜ்ஜியோ வடையோ இல்லாமல் பொழுது போகாது என்று நாள்தோறும் அவற்றைத் தின்று பழகியவர்கள் ஒரு சாரார். தீபாவளியன்று காலையில் தாயார் எடுத்து நீட்டும் அதிரசத்தைக்கூட ஏதோ விஷத்தைக் கண்டாற்போல விலக்கி, அப்படியே தப்பித் தவறி ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டாலும் அதற்காக அன்று முழுதும் மனம் குமைகிறவர்கள் மற்றொரு சாரார். முன்னவர் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், பின்னவர் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். பலகாரம் என்பது விசேஷ நாளுக்கு உரிய பதார்த்தம் என்னும் பழைய நியமத்தை இருவருமே கைநழுவ விட்டுவிட்டார்கள்.

அந்த நியமத்தை நம் முன்னோர்கள் எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. பஞ்சாங்கமும் அடுப்பங்கரையுமே அதைக் காத்து வந்தன. கோகுலாஷ்டமிக்குச் சீடையும் முறுக்கும், திருக்கார்த்திகைக்கு அப்பமும் பொரி உருண்டையும், கல்யாணத்துக்குக் கைமுறுக்கும், தீபாவளிக்கு அதிரசம் முதல் தேன்குழல் வரை அத்தனையும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்திருந்தது. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்து, சலித்து, வெல்லப்பாகு பதம் வந்ததும் இறக்கி மாவைச் சேர்த்து, அதை ஒரு நாளேனும் வைத்திருந்து, அதன் பிறகே அதிரசம் தட்ட முடியும் என்றால், அப்படிப்பட்ட பண்டத்தை நாள்தோறும் தின்னவேண்டும் என்ற எண்ணம் யாருக்கு எழும்? எண்ணெயின் விலையும் அன்றைய குடும்பங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆகவே சிரமமும் செலவும் சேர்ந்து, யாரும் உபதேசம் செய்யாமலே, அளவைக் காப்பாற்றின.

இந்த ஏற்பாட்டிலே நான் மிகவும் போற்றுவது தீபாவளி லேகியத்தைத்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவற்றை இடித்து வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அந்த மருந்தை, எண்ணெய் ஸ்நானம் முடிந்தவுடன் பலகாரத் தட்டைத் தொடுமுன்பே குழந்தைகளின் நாவில் வைத்த பாட்டிமார்கள், விருந்தினால் வயிற்றுக்கு வரக்கூடிய சங்கடத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். அறிந்திருந்தும் விருந்தை அவர்கள் விலக்கவில்லை. ஏகாதசி உபவாசத்தையும் துவாதசிப் பாரணையையும் அடுத்தடுத்து வைத்த அதே விவேகம்தான் இங்கும் வேலை செய்தது.

ருசி என்பது வெறும் நாக்கின் சபலம் என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் அதற்குப் பின்னே நுட்பமான கைத்திறன் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஓர் ஈடு முறுக்கைப் பிழிந்து விடும்போது எழும் சலசலப்பு, மாவினுள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் ஓசையாகும். அந்த ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே புகுவது கடினம். ஓசை அடங்கியதும் முறுக்கு வெந்துவிட்டது என்று சமையலில் தேர்ந்தவர்கள் அறிந்து எடுக்கிறார்கள். எடுத்த பிறகு ஆறும் தறுவாயில்தான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயில் பெரும்பங்கு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகையால் ஜல்லிக் கரண்டியில் வைத்து நன்றாக வடியவிடுவது ருசிக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒருங்கே நன்மை செய்கிறது. எண்ணெய் காயாமல் மாவைப் போட்டால் பண்டம் எண்ணெய் குடிக்கும். மாவைச் சலிக்காமல் விட்டால் உள்ளே அடைபட்ட ஆவியால் சீடை வெடிக்கும். இருமுறை பொரித்தெடுக்கும் முறுக்குக்காக 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறையும், புரோட்டாவை எண்ணெயில் பொரித்தே பெயர் வாங்கிய விருதுநகரும், இந்தக் கைத்திறனை ஊரின் கௌரவமாகவே வளர்த்திருக்கின்றன. இத்தனை நுட்பமும் உழைப்பும் அடங்கிய ஒன்றை அற்பமென்று தள்ளுவது நியாயமன்று.

ஆனால் காலம் மாறிவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. உலகிலேயே அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் தேசமாக நாம் ஆகியிருக்கிறோம்; தெருமுனைக் கடையில் ஆண்டின் எல்லா நாட்களிலும் முறுக்குப் பொட்டலம் தொங்குகிறது; பண்டிகைக்கு மட்டும் உரியதாக இருந்தது பொழுதுபோக்குக்கு உரியதாகிவிட்டது. மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பில் 9 கலோரி. அதை எரிப்பதற்கான உடலுழைப்போ நம்மிடம் குறைந்துகொண்டே போகிறது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு ஒன்று, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இந்த நிலைமைக்குப் பண்டிகை நாள் அதிரசத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. பண்டிகை இல்லாத நாட்களில் நாம் தின்பதும், அசையாமல் உட்கார்ந்திருப்பதும் சேர்ந்து விளைவித்த காரியம் அது.

இதோடு எண்ணெயின் தூய்மையும் சேர்ந்த விஷயம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து, கறுத்து, நுரைத்து, சிக்கு வாடை வீசத் தொடங்குகிறது. இப்படிச் சிதைந்த பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் தேசமெங்கும் நடைமுறையில் இருக்கிறது. கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. சட்டம் இருந்தாலும், சட்டியில் இருப்பதைப் பார்த்து வாங்கவேண்டியவர்கள் நாம்தாம். வாணலியில் கருமை கண்டால் அந்தக் கடையைக் கடந்து போய்விடுவதே விவேகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விசேஷ நாளில் குற்ற உணர்ச்சியோடு உண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. அடுப்பின் முன் அரை நாள் வியர்வை சிந்தி உட்கார்ந்தவர் ஆசையோடு தட்டை நீட்டும்போது, அதில் எத்தனை கலோரி என்று கணக்குப் பார்ப்பது அவருடைய அன்பை அலட்சியம் செய்வதாகும். பலகாரத்தை ஒரு துணியால் மூடி அண்டை வீடுகளுக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதைப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தில், ஓரிரண்டு உருப்படிகளுக்கு மேல் யாரும் தின்ன வேண்டியதில்லை. ஆனால் தெரு முழுவதும் ஒருவர் கைப்பக்குவத்தை ஒருவர் அறிந்து மகிழ்கிறார்கள். பகிர்ந்துண்பதில் அளவும் ஆனந்தமும் ஒன்றுக்கொன்று பகையாவதில்லை. வைத்தியர் விலக்கச் சொன்னவர்கள் அவருடைய சொல்லையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும். மற்றவர்களுக்கு ஆண்டின் சில நாட்கள் வயிறு குளிர உண்பதால் ஆயுள் குறைந்துவிடாது.

ஆகையால் வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: சாதாரண நாட்களில் எண்ணெய்ப் பண்டத்தை வீட்டுக்குள் வாங்கி அடுக்காதீர்கள், குழந்தைகளின் பள்ளிப் பையில் தினந்தோறும் அதைத் திணிக்காதீர்கள். பண்டிகை வந்தால் நல்ல எண்ணெய் வாங்கி, கூடத்தில் நாலு பேராக உட்கார்ந்து, ஆண்களும் மாவு பிசையக் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே செய்யுங்கள்; மிச்ச எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். செய்ததை ஊரோடு பகிர்ந்து, மனத்தில் உறுத்தல் ஏதுமின்றி, ருசித்து உண்ணுங்கள்.