வெற்றிடமும் ஒரு செயற்குறி

பெங்களூரின் ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் எக்செல் அறியாதார் அரிது. அதன் இலக்கணம் அறிந்தாரும் அரிது. ஒரு கட்டத்தில் =-2^2 என இட்டால் விடை 4. கணித வழக்கிலும் பைத்தானிலும் அது -4. எண்ணுக்கு முன் நிற்கும் கழித்தற்குறியை எக்செல் அடுக்குக்கு முன்னரே எண்ணோடு சேர்த்துவிடுகிறது; =0-2^2 என்றாலோ -4 தருகிறது.

மணிவடிவ வளைவரையைக் கணிக்கும் ஆய்வு மாணவர் இதனை அறியாவிடில், சரிய வேண்டிய வளைவு மேலேறும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தவறான எண் அப்படியே ஆய்வேட்டில் ஏறும்.

'பலகை', 'பல கை' என்பவற்றைப் பிரிப்பது ஓர் இடைவெளியே. எக்செல்லிலும் இரு பரப்புகளுக்கு நடுவே விடும் இடைவெளி, அவை வெட்டிக்கொள்ளும் கட்டங்களை மட்டும் எடுக்கும் செயற்குறி. இரட்டைக் கழித்தற்குறி மெய், பொய் என்பவற்றை 1, 0 ஆக்கும். கட்ட முகவரியை அடுத்து வரும் #, அங்கிருந்து வழிந்து பரவிய விடைகள் முழுவதையும் சுட்டும்.

பயிற்சி வகுப்புகள் பலவும் சார்புகளின் பட்டியலையே போதிக்கின்றன. அது அகராதி, செயற்குறிகளின் முன்னுரிமையோ தொடரியல். அகராதியை மட்டும் மனனம் செய்து எவரும் ஒரு மொழியைக் கற்றதில்லை. ஐயமுள்ள இடத்தில் =-(2^2) என அடைப்புக்குறி இடுவதே முறை; அது கணினிக்கு மட்டுமன்று, அடுத்துப் படிப்பவருக்கும் தெளிவு.