வரைபடத்துக்கு முந்தைய கேள்வி

எளியோர் குடியிருப்புகளைச் சீரமைக்கும் திட்டங்களில் அங்கு வாழ்வோரின் கருத்து கேட்கப்படுவதே இல்லை என்று கூறிவிட இயலாது. கேட்கப்படுகிறது, வரைபடம் முடிந்து, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, இடமும் நாளும் உறுதியான பின்னர். அந்நிலையில் அவர்களுக்கு எஞ்சுவது ஒரு கையொப்பம் மட்டுமே.

கராச்சி நகரின் ஒராங்கிப் பகுதியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சி இந்த வரிசையை மாற்றிக் காட்டியது. ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தவர் அவர். கழிவுநீர் திறந்தவெளியில் ஓடிய அப்பகுதியில், இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு தெருவையே திட்டத்தின் அலகாகக் கொண்டார். தெருவார் தமக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்து, பணம் திரட்டி, வீட்டுக் கழிப்பறையையும் தெருவின் கழிவுநீர்க் குழாயையும் தாமே அமைத்தனர். நில அளவை, மட்டம் பார்த்தல், கருவிகள், தொழில்நுட்ப அறிவுரை ஆகியவையே திட்டக் குழுவினர் பங்கு. பெருங்கால்வாய் அரசின் கடமை என எல்லை வகுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரின் இலாபம் நீங்கவே, அரசு மதிப்பீட்டின் சிறு பகுதியிலேயே பணி முடிந்தது. அரசின் சுமையை ஏழையர் தோளில் ஏற்றிய திட்டம் என்றொரு குறை கூறப்படுவதுண்டு; அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் எந்தத் தெருவில் எப்பணி முதலில் என்பதை அத்தெருவாரே முடிவு செய்தனர்.

சென்னைக்கும் இவ்வழி முற்றிலும் அயலானதன்று. 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதிகளும் அரசு தந்தது; வீட்டைக் குடும்பங்கள் தம் கைவளத்துக்கேற்பப் படிப்படியாக எழுப்பிக்கொண்டன. குடும்பங்கள் மீதான அந்த நம்பிக்கையைப் பின்வந்த காலம் கைவிட்டது. கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோர் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். வீட்டுவேலை செய்த பெண்கள் பணியிடத்தை இழந்தனர். பிள்ளைகளின் படிப்பு இடைநின்றது. வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறி அழைத்துச் சென்ற பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது! குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. நடைமுறை அந்த அளவுக்கு மாறியதாகத் தெரியவில்லை.

ஆற்றங்கரையில் வாழும் எல்லோரும் அங்கேயே நீடிக்கலாம் என்று நாம் வாதிடவில்லை. பெருமழையில் உயிருக்கு ஊறு நேரும் இடத்திலிருந்து பெயர்ந்தே ஆகவேண்டும். எங்கே, எவ்வளவு தொலைவில், எப்போது, எந்தப் பள்ளியாண்டு முடிந்தபின் என்பனவே வினாக்கள். அவற்றுக்கு விடை கூறவேண்டியவர்கள் பெயர்பவர்கள். ஆனால் கருத்துக் கேட்கும்போது பகுதியின் செல்வாக்குள்ள ஓரிருவர் குரலே மக்கள் குரலாகிவிடும் தீங்கும் உண்டு. வாடகைக்கு இருப்போரும் தனித்து வாழும் பெண்களும் கணக்கில் விடுபடுவது அவ்வாறுதான்.

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில், மக்கள் கலந்து பேசும் பகுதி சபைகள் 2022 முதல் கூடுகின்றன. குடிசைப் பகுதிகளில் அவற்றைத் திட்டம் தொடங்கும் இடமாக்க வேண்டும். குடும்பங்களின் கணக்கெடுப்பையும் தெருவின் வரைபடத்தையும் குடியிருப்போரே உருவாக்க, வாரியம் பொறியாளர்களை அவர்களிடம் அனுப்பட்டும். வாடகைதாரர் பெயரும் அதில் இடம்பெறட்டும். அவ்வரைபடம் சபையில் ஏற்கப்படும் வரை எந்த ஒப்பந்தப்புள்ளியும் கோரப்படலாகாது என அரசு ஆணையிட வேண்டும்.