தோலுக்கு ஒரு சாரம்

தீ விபத்திலே தீ அணைந்த பின்னர்தான் பெரிய அபாயம் ஆரம்பமாகிறது. தோல் போன இடத்தின் வழியே உடலின் நீர் ஓயாமல் கசிந்து வெளியேறுகிறது. அதே வழியாக நோய்க் கிருமிகள் உள்ளே புகுகின்றன. ஆகவே, புண்ணை விரைவில் மூடுவதே வைத்தியரின் முதற் கவலை.

நோயாளியின் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவியெடுத்துப் புண்ணின்மேல் ஒட்டுவது வழக்கமான சிகிச்சை. ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் வெந்து போயிருந்தால் எங்கிருந்து எடுப்பது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் ஜான் பர்க்கும், கிரேக்க நாட்டில் பிறந்த விஞ்ஞானி இயோவானிஸ் யானஸும் சேர்ந்து விடை தேடினர். 1981-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட செயற்கைத் தோலுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே, ரப்பர் போன்ற மெல்லிய சிலிகோன் ஏடு. அது நீரையும் கிருமியையும் தடுக்கிறது. கீழே, மாட்டினின்று எடுத்த கொலாஜனும் சுறாமீன் குருத்தெலும்பின் சத்தும் கலந்த, கடற்பஞ்சு போன்ற வலை.

விந்தை கீழடுக்கில்தான் இருக்கிறது. கட்டடம் எழும்புவதற்குக் கொத்தனார் சாரம் கட்டுவதில்லையா? அதுபோல், நோயாளியின் சொந்த உயிரணுக்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அவ்வலையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. வலை மெல்லக் கரைந்து போக, உடம்பே உண்டாக்கிய புதிய உள் தோல் அங்கே நிற்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் சிலிகோன் ஏட்டை உரித்துவிட்டு, மிக மெல்லிய சொந்தத் தோலை அதன்மேல் ஒட்டுகிறார்கள். 1996-இல் அமெரிக்க அரசாங்கம் இதனை அங்கீகரித்தது.

இதனால் குறைகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. புதிய தோலில் வேர்வைச் சுரப்பியும் மயிரும் முளைப்பதில்லை. விலையோ ஏழைக்கு எட்டாதது.

நமது நாட்டிலே அடுப்படியில் வெந்து துன்புறும் பெண்கள் பலர். அவர்களுக்கு நாம் இன்றே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. இறந்தவர் உடலிலிருந்து ஆறு மணி நேரத்திற்குள் தோலைத் தானமாகப் பெறலாம். கால்களிலும் முதுகிலும் மேலாக ஒரு மெல்லிய படலத்தை மட்டுமே எடுப்பார்கள், உடல் விகாரப்படுவதில்லை. அத்தோல் சில வாரங்கள் புண்ணை மூடி உயிரைக் காத்து நிற்கும். மும்பை சயான் மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டிலேயே இதற்கென வங்கி ஒன்று ஏற்பட்டது.

கண் தானத்துக்கு இசைந்த நமது குடும்பங்கள் தோல் தானத்துக்குத் தயங்குவானேன்? வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி இன்றே ஒரு முடிவு செய்து வைப்பார்களாக.