சாதி நாயும் தெரு நாயும்

நாய் வளர்க்க விரும்புவோர் நம் பக்கத்தில் முதற்கண் வினவுவது, "சாதி நாய் கிடைக்குமா?" என்பதே. வேலூரிலாயினும் ஆம்பூரிலாயினும் வாணியம்பாடியிலாயினும் இவ்வினாவில் வேறுபாடில்லை. லாப்ரடார், பக், பொமரேனியன் எனப் பெயர் சொல்லத்தக்க பிறப்புடையதே நாய். வாயிலில் வந்து வாலைக் குழைத்து நிற்பது வெறுந் தெருவுக்குரியது என்பது நம்மவர் கொள்கை. பணங் கொடுத்து வாங்கியதை மெத்தையிற் கிடத்துவர். பணமின்றி வந்ததைக் கல்லெடுத்து ஓட்டுவர். இக்கொள்கை பிழையுடைத்து என்பதும், நாயோ பூனையோ வேண்டுவார் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்தலே தக்கது என்பதும், அதற்கு இதுவே தருணம் என்பதும் நம் கருத்து.

தருணம் என்றதற்குக் காரணமுண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டெல்லியில் நாய்க்கடியாற் குழந்தைகள் படுந் துன்பத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் கண்டு உச்சநீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு 11ஆம் நாள் இரு நீதிபதிகள், அந்நகரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவேண்டும், திரும்ப விடலாகாது என்றனர். 22ஆம் நாள் நீதிபதிகள் மூவர் அதனை மாற்றி, கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசியிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுக என்றனர். வெறிநோயுற்றனவும் மூர்க்கமானவும் மட்டும் விலக்கு. நாய்களிடம் அன்புடையார் நகராட்சிக்கு விண்ணப்பித்து அவற்றை எடுத்து வளர்க்கலாம் என்பதும், எடுத்தவை மீண்டும் தெருவுக்கு வாராமற் காப்பது எடுத்தவர் பொறுப்பு என்பதும் அவ்வாணையிலேயே உள்ளன. பின்னர் நவம்பர் 7ஆம் நாள் பிறந்த ஆணையோ நம் வாயிலுக்கே வந்துவிட்டது. கல்விக்கூடங்கள், மருத்துவமனைகள், விளையாட்டரங்குகள், பேருந்து நிலையங்கள், புகைவண்டி நிலையங்கள் ஆகியவற்றின் எல்லைக்குள் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்திற் சேர்க்கவேண்டும். அவற்றைப் பிடித்த இடத்திலே திரும்ப விடலாகாது என்பது அது.

அங்ஙனமாயின், நம் விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறத்தே மதியச் சோற்றுக்குக் காத்துக் கிடக்கும் நாய்கள் எங்கே போகும்? காப்பகத்துக்கு. காப்பகத்துக்குள் வரும் வழி அகலமானது. வெளியே செல்லும் வழி வீடு ஒன்றே. மற்றொரு வழியைச் சொல்ல வேண்டுவதில்லை.

அம்மற்றொரு வழியை நம் நாடு நெடுங்காலம் பார்த்திருக்கிறது. சென்னை மாநகராட்சி 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. 1959இல் விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம் தம் குடும்பத்தாருடன் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்க என்று 1964 முதலே சொல்லிவந்தது. அதனை மாநகராட்சி ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. தோலையே தொழிலாகக் கொண்ட நம் ஊரார் அறியத்தக்க செய்தி ஒன்றும் இதிலுண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில், கொல்லப்பட்ட நாய்களின் தொகை அத்துணை மிகுந்திருந்தமையின், நாய்த்தோலாற் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்யும் வகையைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தனர் என்று, சுந்தரத்தின் மைந்தராகிய டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார்.

தோற்றொழிலைப் பழிக்க நாம் இதனைக் கூறினோமல்லம். உணவுக்காக வெட்டப்பட்ட ஆட்டின் தோலும் மாட்டின் தோலும் நம் தோல் ஷாப்புகளுக்கு வருகின்றன. நம்மிற் பலர் உண்ணுஞ் சோறும் கல்லூரிக்குக் கட்டுஞ் சம்பளமும் அத்தோலிலிருந்து வந்தவையே. ஆயினும், தெருவைத் தூய்மை செய்யவென்று கொன்ற நாயின் தோலுக்கும் ஒரு பயன் தேடுமளவு கொலை பெருகிற்று என்பதையும், அத்துணைக் கொலைக்குப் பின்னும் சென்னைத் தெருக்களில் நாய்கள் குறைந்தபாடில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாய் சோறுள்ள இடத்துக்கு வருகிறது. ஒன்றை அகற்றினால் அவ்விடத்துக்கு வேறொன்று வரும். ஆம்பூர்ப் பிரியாணியின் புகழ் நாடறிந்தது. அதன் எலும்புகள் இரவில் எங்கே கொட்டப்படுகின்றன என்பதை அறிந்தவை நாய்களே. இறைச்சிக் கடைக் கழிவும், தோலின் உட்புறத்திலிருந்து சீவி எடுக்குஞ் சவ்வும் வெளியிற் கிடக்குமாயின், எத்தனை காப்பகம் கட்டினும் போதா.

நாய்க்கு அஞ்சுவாரின் அச்சம் வீணென்று நாம் சொல்லமாட்டோம். விடியற்காலையில் ஷூ கம்பெனிக்கு நடந்து செல்லும் பெண்களைக் கேட்டால், இருட்டில் ஒரு கூட்டம் குரைத்து வரும்பொழுது படும் பாட்டைச் சொல்வர். வெறிநோய் தோன்றியபின் பிழைப்பார் மிக அரியர். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்த பின்னரே, தென்னாட்டுக்கு ஒரு மருந்து நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. இன்று கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் ஒரு கால் மணி கழுவி, தாமதமின்றி ஊசி போட்டுக்கொண்டால் உயிர் தப்பும். ஆயினும், ஏழை வீட்டுக் குழந்தை கடிபட்டதை வீட்டிற் சொல்ல அஞ்சி மறைப்பதும், மறைத்ததனால் மாள்வதும் இந்நாட்டில் நின்றபாடில்லை. ஆதலின் நாய்களைத் தெருவிலேயே விட்டுச் சோறு மட்டும் எறிந்துவிட்டுப் போகும் அன்பை நாம் முழு அன்பென்று கொள்ளோம். ஊசியும் கருத்தடையும் பெற்று, ஒரு வீட்டின் காவலில் உள்ள நாய், அவ்வீட்டுக்கும் தெருவுக்கும் ஒருங்கே நன்மை.

இனிச் சாதி நாயின் சிறப்பைப் பார்ப்போம். பக் என்னும் நாய் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் 2003இல் தோன்றியபின் நாடெங்கும் விலைபோயிற்று. மூக்குச் சப்பையாதலின் மூச்சுவிடத் திணறுவது அதன் பிறவிக் குறை. பனியில் வண்டியிழுக்கப் பிறந்த ஹஸ்கியை வேலூர் அக்கினி நட்சத்திரத்திற் கொண்டுவந்து வைப்பாருமுளர். அந்நாய்க்கு இழைக்கும் கொடுமை இதனிற் பெரிதொன்று நமக்குத் தெரியவில்லை. நம் தெரு நாயோ பல்லாயிரம் ஆண்டு இவ்வெயிலில் தேறிய உடம்புடையது, எஞ்சிய சோற்றில் வாழும், குட்டை மயிர், நோய் குறைவு.

இலண்டனிலும் இவ்வழக்கு நிகழ்ந்ததே. 1860இல் மேரி டீல்பி என்னும் அம்மையார் திக்கற்ற நாய்களுக்கு ஓர் இல்லம் திறந்தபோது பத்திரிகைகள் நகைத்தன. 1862இல் டிக்கன்ஸ் நடத்திய இதழொன்று, பரிசுக்கு நிறுத்திய உயர்குல நாய்களின் கண்காட்சியையும் அவ்வில்லத்து நாய்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டிப் பின்னவற்றின் பக்கம் பேசிற்று. 1871இல் பாட்டர்சீக்குப் பெயர்ந்த அவ்வில்லம் இன்றும் நடைபெறுகிறது. அத்தேயத்தார்க்கு ஆம்பூரிலிருந்து செருப்பு அனுப்புகின்றோம். இவ்வழக்கத்தை அங்கிருந்து பெற்றுக்கொள்வதில் நமக்கு இழுக்கொன்றுமில்லை.

ஆனால் அவ்வாங்கிலேயரே நம் நாட்டு நாய்க்கு இட்ட பெயர் யாது? நம்மிடையே ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரை எடுத்து 'பரையா நாய்' என்றனர். விலங்கு நூல்களிலும் அப்பெயர் ஏறிவிட்டது. மனிதரையும் நாயையும் ஒரு தட்டில் வைப்பது நம் செயலன்று, வைத்தவர் அவர். அவர்க்கு அதனைக் கற்பித்தவர் நம் முன்னோர். தோலைத் தொட்டவர் என்னும் ஒன்றே பற்றி மக்களை ஊருக்குப் புறத்தே வைத்த நாட்டில், "சாதி நாய்" என்னும் சொல் தற்செயலாய்ப் பிறந்ததன்று. பிறப்பு நோக்கி மதிக்கும் பழக்கம் மனிதரோடு நில்லாமல் விலங்குமட்டும் சென்றிருக்கிறது. தமிழ் கற்கும் நாமாவது அச்சொல்லை விட்டொழித்து 'நாட்டு நாய்' என்போமாக. நாலடியாரில் நட்பை ஆராயும் அதிகாரத்தில் நாயை யானைக்கு மேல் வைத்துப் பாடிய புலவர், அது எவ்வினத்து நாய் என்று சொல்ல வேண்டுமென்று எண்ணவில்லை.

பூனையைப் பற்றிப் பேச நமக்கு இடம் சிறிதே. எலி மிகுந்த மண்டித் தெருக்களில் அதன் உதவி யாவரும் அறிந்தது. குறுக்கே போனாற் காரியம் கெடும் என்று காறித் துப்புவாரும் உளர். கருப்புப் பூனைக்குக் காப்பகத்திலும் ஆள் கிடைப்பதரிது என்கின்றனர். குறுகிய வீடுடையார்க்கு நாயினும் பூனையே ஏற்றது. அதற்கும் ஊசியும் கருத்தடையும் வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருந்தாற் போதும்.

எடுத்து வளர்த்தல் எளிதென்று கூறி யாரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. நாய் பத்துப் பதினைந்தாண்டு வாழும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. வாடகை வீட்டார் உடையவரைக் கேட்டாகவேண்டும். வீட்டிலுள்ள முதியோரைக் கேட்பது அதனினும் இன்றியமையாதது. நாளெல்லாம் சங்கிலியிற் கட்டிவைப்பதாயின் எடுக்காதிருத்தலே நன்று. இவ்வாறு எடுப்பதனாலே தெருநாய்கள் யாவும் வீடு பெற்றுவிடும் என்று நாம் கனவு காணவில்லை. கருத்தடையும் குப்பை அகற்றலும் இன்றி அது நடவாது. காப்பகத்தில் அடைபட்டவை அங்கேயே கிடந்து மடியாதிருக்க இஃதொன்றே வழி என்பதுதான் நம் வழக்கு.

விடுதி மாணவராகிய நம்மால் ஒரு நாயையும் வளர்க்க இயலாது. ஆதலின் இக்கட்டுரை, வீடும் முற்றமும் உடைய ஆசிரியப் பெருமக்களையும், நகராட்சி அலுவலகங்களை நன்கறிந்த பழைய மாணவரையும் நோக்கியதாகும். வேலூரில் இருப்போர் மாநகராட்சியிலும், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தத்தில் இருப்போர் தத்தம் நகராட்சியிலும் கேட்டறியலாம். நம் சமையற்கூடத்து நாய்கள் ஐந்து. மூன்றன் காதிற் கருத்தடைக்கு அறிகுறியாகிய வெட்டு உண்டு; செந்நிறத்துப் பெட்டை இரண்டனுக்கும் அஃதின்னும் இல்லை. அவ்விரண்டும் விடுதிப் பிள்ளைகளுடன் நன்கு பழகியவை. அவற்றைக் காப்பகத்துக்குச் செல்லுமுன் பார்க்க விரும்புவோர் மாலை நாலரை மணிக்குமேல் வரலாம்.