கடல் தாண்டிக் கிடைத்த டாக்டர் படிப்பு

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலிருந்து, கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் சின்னஞ்சிறு கியூபாவுக்குப் போய் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள். விந்தையாக இல்லையா, தோழர்களே? அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி இல்லையா? உண்டு, நூற்றுக்கு மேல் உண்டு. கல்லூரி உண்டு, வாசல்தான் எல்லோருக்கும் திறக்கவில்லை!

இது நேற்று முளைத்த கொடுமையல்ல. நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்தவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித். நிறத்தைக் காட்டித் தாய்நாட்டுக் கல்லூரிகள் கதவடைத்தன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இடம் தந்தது. 1837-ல் பட்டம் பெற்றார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே. நியூயார்க்குக்கே திரும்பி வந்து வைத்தியம் பார்த்தார்.

பின்னர் கறுப்பின மக்களுக்கென்று கல்லூரிகள் எழுந்தன. 1910-ல் பிளெக்ஸ்னர் அறிக்கை வந்தது. ‘தரம், தரம்’ என்றார்கள். அப்போதிருந்த 7 கறுப்பினக் கல்லூரிகளில் 5 மூடப்பட்டன. மிஞ்சியவை ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே. தரம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நிதி கொடுத்துத் தரத்தை உயர்த்தியிருக்கலாமே! கதவைச் சாத்துவதா தரம்?

கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை மாணவர்களுக்கு ஒதுக்கியது. பதினாறே பதினாறு! அதுவும் பொறுக்கவில்லை. 1978-ல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. சேர்க்கையில் இனத்தையும் கணக்கில் கொள்ளலாம் என்று விட்டுவைத்த சிறு சந்தையும் 2023-ல் அடைபட்டது. 1951-ல் நமது வகுப்புவாரி உரிமை ஆணை வீழ்ந்ததும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்கில்தானே? நாம் கொதித்தெழுந்தோம், அதே ஆண்டில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கே அது நடக்கவில்லை.

வாசலைத் தாண்டினாலும் பணம் குறுக்கே நிற்கிறது. கடன் வாங்கிப் படித்து முடிக்கும் அமெரிக்க டாக்டரின் தலையில் ஏறும் சுமை ஏறத்தாழ 2 லட்சம் டாலர். அவர் ஏழைகள் வாழும் பேட்டைக்கா வருவார்? பணம் புரளும் இடத்துக்குத்தான் போவார்.

2000-ஆம் ஆண்டில், மிசிசிப்பி மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் பென்னி தாம்சன், தன் தொகுதியில் டாக்டர்கள் போதவில்லை என்று பிடல் காஸ்ட்ரோவிடம் சொன்னார். மாணவர்களை அனுப்புங்கள், இலவசமாகப் படிக்கவைக்கிறோம் என்றார் காஸ்ட்ரோ. 2001-ல் முதல் அணி ஹவானா சென்றது. லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி, 1998-ல் மத்திய அமெரிக்காவைப் புயல் சூறையாடிய பிறகு, 1999-ல் பழைய கடற்படைப் பள்ளியில் தொடங்கப்பட்டது. படிப்பு, இருப்பிடம், உணவு அனைத்தும் இலவசம். கேட்டது ஒரே வாக்குறுதி: திரும்பிப் போய், டாக்டர் இல்லாத மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

‘ஓசியில் படித்தவன் அரைகுறை டாக்டர்’ என்று கேலி பேசுவோர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அமெரிக்கக் கல்லூரியில் படித்தவர் எழுதும் அதே லைசென்ஸ் பரீட்சையைத்தான் இவர்களும் எழுதித் தேற வேண்டும். நூற்றுக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆனால், ஒன்றை மறவாதீர்கள். 2004-ல் வாஷிங்டன், கியூபப் பயண விதிகளை இறுக்கியது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும் ஆபத்து! கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாதாடி விலக்குப் பெற்ற பிறகே படிப்பு தொடர்ந்தது. ஒரு சர்க்கார் உத்தரவில் அறுந்து போகக்கூடிய நூலில்தான் அவர்கள் எதிர்காலம் தொங்கியது.

உதவித்தொகையை வாழ்த்துவோம், கொடுத்தவரையும் வாழ்த்துவோம். ஆயினும் அயலார் தருவது உதவி. சொந்த நாடு தரவேண்டியது உரிமை. உதவி வரும், நிற்கும். உரிமை நிலைக்கும். மூட்டை சுமப்பவர் மகளும், ஆலையில் உழைப்பவர் மகனும், தன் ஊர்க் கல்லூரியிலேயே டாக்டராக வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதே நம் வேலை, தோழர்களே!